செக்ரோல் அக்கா வாங்கிய பிரிண்டர்

ஏற்காடு மலையில் செக்ரோல் அக்காவின் எண்ணிக்கையில் சிக்காமல் தப்பித்தவர் என்று ஒருவரும் கிடையாது. ஏரியில் படகு விட வந்தவர், பெண் பார்க்க வந்தவர், கோயிலுக்குப் பொங்கல் வைக்க வந்தவர், ஏன், ஓட்டுக் கேட்டு வந்தவர் உட்பட எல்லோரையும் அக்கா ஒரு பார்வையில் எண்ணி முடித்திருக்கிறார். எண்ணியதோடு விடமாட்டார். யார் முழு நாள், யார் அரை நாள், யார் ஆப்சென்ட் என்று மனதுக்குள் குறித்தும் வைத்துக்கொள்வார்.

தலைச்சோலைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் அவர் ரைட்டர். உடனே கதை, கவிதை என்று போய்விடாதீர்கள். எஸ்டேட்டில் ரைட்டர் என்றால் காலை ஏழு மணிக்கு ஆட்களை வரிசையில் நிறுத்தி, பெயர் கூப்பிட்டு, வருகையைக் குறிப்பவர். அந்த வருகைப் பதிவேட்டுக்குத்தான் செக்ரோல் என்று பெயர். இருபது வருஷத்துக்கு மேல் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே திரிந்ததில் அதுவே அவருக்கும் பெயராகிவிட்டது. அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. ரேஷன் கடைக்காரரும் செக்ரோல் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

ஒருமுறை நானும் அக்காவும் சேலத்திலிருந்து பஸ்ஸில் மேலே வந்துகொண்டிருந்தோம். அடிவாரத்தில் பஸ் சற்று நின்று கிளம்பியது. மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் அக்கா எழுந்து நின்று கத்தினார்.

"நிறுத்துங்க! ஒரு ஆளு கொறையுது!"

கண்டக்டருக்குக் கோபம். "ஏனுங்க்கா, டிக்கெட்டு குடுத்தவன் நானுங்க. எனக்குத் தெரியாதுங்களா?"

"உங்களுக்கு டிக்கெட்டு தெரியுமுங்க. எனக்கு ஆளு தெரியும். செகப்புத் துண்டு போட்டுட்டு பின்னாடி ஒருத்தரு இருந்தாரு. எங்க அவரு?"

கண்டக்டர் பின் சீட்டைத் திரும்பிப் பார்ப்பதற்குள் யாரோ ஒருவருடைய பைக்கில் தொற்றிக்கொண்டு, சிவப்புத் துண்டு பறக்க, அந்த ஆள் வந்து சேர்ந்தார். கையில் பாதி கடித்த போண்டா. அதற்கப்புறம் அந்தக் கண்டக்டர் விசில் அடிப்பதற்கு முன் அக்கா முகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வார்.

கல்யாண வீடுகளிலும் இதே கதைதான். தாலி கட்டியதும் பந்திக்கு நிற்காமல் கிளம்புகிறவர்களை அக்கா வாசலிலேயே மடக்கிவிடுவார். "அரை நாளுதான் போட முடியுமுங்க" என்று முகத்துக்கு நேராகச் சொல்வார். வந்தவர் திரும்பிப் போய் இலையில் உட்கார்ந்துவிடுவார்.

இப்பேர்ப்பட்டவருக்கு நான் பக்கத்து வீட்டுக்காரன் ஆனது என் ஜாதகம். அப்போது எனக்கு ஏரிக்கரைப் பக்கம் ஓர் ஓட்டலில் வரவேற்பு மேசையில் வேலை. அதாவது, ரூம் காலி இல்லை என்பதைச் சிரித்த முகத்தோடு சொல்கிற வேலை. வெள்ளக்கடை என்ற சிற்றூரில் ஒரே கூரைக்குக் கீழே முன்பக்கம் நானும், பின்பக்கம் அக்காவும் குடியிருந்தோம். நான் காலையில் எத்தனை மணிக்கு எழுந்தேன் என்பது எனக்குத் தெரியுமோ தெரியாதோ, அக்காவுக்குத் தெரியும்.

அவர் கைக்குக் கேமரா வந்தது ஐம்பது வயதில். பெங்களூரில் வேலை பார்க்கும் அண்ணன் மகள் புதுசு வாங்கியதும் பழையதை அத்தைக்குத் தள்ளிவிட்டாள். ஏற்காட்டில் கேமரா வைத்திருப்பவர் எதைப் படம் எடுப்பார் என்று உங்களுக்கே தெரியும். பனி, ஏரி, பூ, மறுபடியும் பனி. அக்கா அந்தப் பக்கமே திரும்பவில்லை.

"பனி நாளைக்கும் வரும் கண்ணு. அத எதுக்கு இன்னிக்கே புடிக்கோணும்?" என்றார்.

கேமரா ஒரு மாசம் பீரோவுக்குள் கிடந்தது. அது வெளியே வந்தது பொன்னன் இறந்தபிறகுதான்.

பொன்னன் எஸ்டேட்டில் நிழல் மரங்களில் ஏறிக் கிளை கழிப்பவர். மனிதர் மரத்தின் உச்சியில் இருந்தால் அவர் பாடுவது கீழே மூன்று வளைவுக்குக் கேட்கும். காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மாலை போட ஒரு படம் வேண்டும் என்று வீடெல்லாம் தேடியபோது கிடைத்தது ஆதார் அட்டை மட்டும். எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். உயிரோடு இருக்கிறவரை யாரும் படத்தைச் சுவரில் மாட்டுவதில்லை. செத்தபிறகு ஆதாரைக் கொண்டுபோய் ஸ்டூடியோவில் கொடுத்து, அந்தத் தபால்தலை முகத்தைப் பெரிதாக்கி மாட்டுவார்கள். ஆதாருக்குப் படம் எடுக்கும்போது யார்தான் ஒழுங்காக இருந்தோம்? பெரிதாகி வந்த படத்தில் பொன்னன் போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி முழித்துக்கொண்டிருந்தார். அவர் மகள் அதைப் பார்த்துவிட்டு, "எங்கப்பா இப்படி ஒரு நாளும் இருந்ததில்லீங்களே" என்று அழுதாள்.

அன்று சாயங்காலம் அக்கா என் கதவைத் தட்டினார். கண் சிவந்திருந்தது. குரலில் அழுகை இல்லை.

"என்ற செக்ரோல்ல நாப்பத்திமூணு பேரு இருக்கறாங்க. இனிமேலு ஒருத்தரு ஆதார் மூஞ்சியோட சுவத்துல ஏறக்கூடாது. உசுரோட இருக்கறப்பவே ஆளுக்கொரு நல்ல படம் எடுத்து கையில குடுக்கறேன். இது முடிவு."

எனக்கு வைராக்கியம் என்றால் பயம். நல்லது அக்கா என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து காலையில் பெயர் கூப்பிட்டு முடித்ததும் படம் எடுப்பு ஆரம்பமானது. முதல் நாள் எல்லோரும் கைகளைத் தொடையில் ஒட்டிக்கொண்டு மூச்சை அடக்கி நின்றார்கள். பதினெட்டுப் படமும் ஆதார் படமாகவே வந்தன. அக்கா அசரவில்லை. மறுநாள் ஒரு வழி கண்டுபிடித்தார். கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டே ஏடாகூடமாக ஒரு கேள்வி கேட்பது. எழுபது வயது சின்னப்பொண்ணுப் பாட்டியிடம், "மருமவ வெக்கற கொழம்பு எப்படீங்க?" என்று கேட்டார். பாட்டி வாயைத் திறக்கும் முன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், அதற்குள் கிளிக் செய்துவிட்டார். அப்புறம் குழம்பைப் பற்றிப் பாட்டி பேசியதை இங்கே எழுத முடியாது.

முதல் பத்துப் படங்களை அக்கா கீழே கொண்டுபோய் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்துப் பிரிண்ட் போட்டுக்கொண்டு வந்தார். கவரைப் பிரித்தால், பத்துப் பேரும் ஒரே ராத்திரியில் பால் நிறத்துக்கு மாறியிருந்தார்கள். சுருக்கங்களைக் காணோம். பின்னால் காப்பிச் செடிகளையும் காணோம். ஓர் அருவி விழுந்துகொண்டிருந்தது.

சின்னப்பொண்ணுப் பாட்டி தன் படத்தை இரண்டு கையாலும் வாங்கி மரியாதையாகப் பார்த்துவிட்டு, "யாருங்க இந்தம்மா? புதுசா வந்த டீச்சருங்களா?" என்றது.

அக்கா அடுத்த பஸ்ஸில் கீழே இறங்கினார். ஸ்டூடியோக்காரர் பாவம், நியாயமாகத்தான் பேசியிருக்கிறார். "எல்லாருமே கலராத்தான் கேக்கறாங்கம்மா. நாங்க ஃப்ரீயாவே பண்ணிக் குடுக்கறோம்."

"எங்காளுக கேக்கலீங்க. அவிங்கவிங்க நெறம் அவிங்கவிங்களுக்கு வேணும்."

இப்படித்தான் அந்த யோசனை பிறந்தது. அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு மறுபடியும் என் கதவு.

"கண்ணு, நீ டெய்லி பில்லு அடிக்கறவந்தான? ஊட்ல வெச்சு போட்டோ அடிக்கற பிரிண்டரு நல்லதா ஒண்ணு சொல்லு."

ஓட்டல் பிரிண்டரைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. பேப்பர் சிக்கினால் அதன் தலையில் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். இதைச் சொன்னால் விடுவாரா? வீடியோக்களைப் பார்த்து ஒரு வாரம் படித்தேன். பள்ளிக்கூடத்தில் நான் அப்படிப் படித்திருந்தால் ஓட்டலில் ரூம் எடுத்துத் தங்குகிறவனாக இருந்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமை அக்கா செக்ரோலின் கடைசிப் பக்கத்தைத் திறந்து பேனாவோடு உட்கார்ந்தார். வேலைக்கு ஆள் எடுக்கிற தோரணை.

"எத்தன வகை?"

"ரெண்டுங்க்கா. பவுடர்ல அடிக்கறது ஒண்ணு, இங்க்ல அடிக்கறது ஒண்ணு. பவுடரு ஆபீஸ் காயிதத்துக்கு நல்லா இருக்கும். போட்டோவுக்கு இங்க்தான்."

"இங்க்ல?"

"நாலு கலரு இங்க், ஆறு கலரு இங்க்னு வருது. ஆறுல லேசான நீலமும் லேசான ரோஸும் எச்சா இருக்கும். மூஞ்சில நெழல் உழற எடமெல்லாம் திட்டுத்திட்டா இல்லாம வருமாம்."

"எங்காளுக மூஞ்சில நெழல்தான் எச்சு. ஆறு." குறித்துக்கொண்டார். "இங்க் தீந்தா?"

"சின்ன டப்பாவ மாத்தறது ஒண்ணு. பாட்டில்ல வாங்கி டேங்க்ல ஊத்திக்கறது இன்னொண்ணு."

"ஊத்திக்கறது. மலைக்கு மேல டப்பாவுக்கு எங்க போறது? சும்மா கெடந்தா கெட்டுப் போகுமா?"

இந்தக் கேள்வியை அவர் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "கெட்டுப்போகுங்க்கா. ரொம்ப நாள் அடிக்காம உட்டா இங்க் காஞ்சு மூக்கு அடைச்சுக்கும். வாரத்துக்கு ஒரு படமாவது அடிக்கோணும்."

அக்கா பேனாவை வைத்துவிட்டு யோசித்தார். "அப்ப இது வேலை இருந்தா வா, இல்லீனா போன்னு சொல்ற ஆளு இல்ல. வாரம் தவறாம வேலை குடுக்கோணும். சரி, குடுக்கலாம்." பிரிண்டருக்கு வேலை நிரந்தரமானது அந்த நிமிஷத்தில்தான்.

அளவு என்ன என்று கேட்டேன். பெரிய பெரிய படம் போடும் மெஷின்களும் உண்டு என்றேன். அக்கா கையை விரித்துக் காட்டினார். "எங்காளுக ஊட்ல சுவரே இத்தனூண்டு. ஏ-ஃபோர் போதும்."

அடுத்த விடுமுறை நாளில் சேலம் போனோம். நானும் அக்காவும் மட்டும் என்று நினைத்துப் பஸ்ஸில் ஏறினால், ஜன்னலோரம் காளியப்பண்ணன் தலைப்பாகையோடு உட்கார்ந்திருந்தார். செக்ரோலில் முதல் பெயர் அவருடையது. வயது அறுபதைத் தாண்டியிருக்கும். எஸ்டேட்டில் எந்த மூலையில் எந்தச் செடி எப்போது நட்டது என்று சொல்லக்கூடியவர். மனிதரை அக்கா எதற்கு இழுத்துக்கொண்டு வருகிறார்?

"காளியப்பண்ணன் மூஞ்சியப் பாரு கண்ணு. நெத்தி ஒரு நெறம், கன்னம் ஒரு நெறம், தலப்பா கட்ற எடம் இன்னொரு நெறம். இவரு சரியா வந்துட்டா மீதி நாப்பத்திரெண்டு பேரும் தன்னால சரியா வருவாங்க."

காளியப்பண்ணன் இதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டார். "எங்கம்மா அப்பவே சொல்லுமுங்க, என்ற மூஞ்சிய எங்கயும் பாக்க முடியாதுன்னு."

கடைக்காரர் நல்ல மனிதர். ஏசி போட்டு, சுழல் நாற்காலி கொடுத்தார். காளியப்பண்ணன் அதில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் மாதிரிக்கு ஒரு பஞ்சவர்ணக் கிளிப் படத்தைப் பிரிண்ட் எடுத்து நீட்டினார். "கலரப் பாருங்கம்மா, எப்படி அள்ளுது!"

"கிளி எங்க எஸ்டேட்ல பேரு குடுக்கலீங்க" என்றார் அக்கா. "இத அடிங்க." கேமராவிலிருந்து காளியப்பண்ணன் படத்தை எடுத்துக் கொடுத்தார்.

அதற்கப்புறம் அந்தக் கடையில் நடந்ததை அந்தக் கடைக்காரர் இன்னும் மறந்திருக்க மாட்டார். ஒவ்வொரு பிரிண்ட் வந்ததும் அக்கா அதைக் காளியப்பண்ணன் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்து, இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பார்.

முதலில் பவுடர் மெஷின். "ஏனுங்க, மழுமழுன்னு இருக்கறாரே? இவரு சவரம் பண்ணி நாலு நாளாச்சுங்க."

அடுத்தது நாலு இங்க். "செகப்பா இருக்குது. தண்ணி போட்டாப்பல."

"போட்டாலும் இவ்வளவு செகக்காது அம்மிணி" என்றார் காளியப்பண்ணன், அனுபவத்தோடு.

மூன்றாவது ஆறு இங்க். அக்கா பார்த்தார். மறுபடி பார்த்தார். கடைக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ஒத்து வருதுங்க" என்று அக்கா சொன்னதும் எனக்கு அப்பாடா என்றிருந்தது. டிபன் சாப்பிடப் போகலாம் என்று எழுந்தேன்.

"இருங்க. இது டியூப் லைட்டு வெளிச்சம். நாங்க டியூப் லைட்டுலயா பொழைக்கறம்?"

காளியப்பண்ணனைக் கையைப் பிடித்து ரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். உச்சி வெயில். நடைபாதையில் அவரை நிறுத்தி, படத்தைக் கன்னத்தோடு பிடித்து, இடப்பக்கம் திருப்பு, வலப்பக்கம் திருப்பு என்று ஒரே ஆர்ப்பாட்டம். கூட்டம் கூடிவிட்டது. படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்த ஒரு பெரியவர் கவலையோடு கேட்டார்.

"காணாமப் போனவருங்களா?"

"ஆமாங்க" என்றார் காளியப்பண்ணன். "இப்பத்தான் கெடச்சனுங்க."

பெரியவர் அவரைத் தட்டிக்கொடுத்து, இனிமேல் பத்திரமாக இருக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

வெயிலிலும் நிறம் ஒத்து வந்தது. பிறகு பேப்பர். பளபளக்கும் தாளை அக்கா உடனே தள்ளிவிட்டார். "எங்க ஊடுகள்ல ஒத்த பல்பு. இதுல பல்புதான் தெரியும், ஆளு தெரியாது." பளபளப்பு இல்லாத மேட் தாளில் இரண்டு கட்டு எடுத்துக்கொண்டோம். திரும்பும்போது பிரிண்டர் பெட்டிக்குத்தான் சீட். நான் இருபது வளைவும் நின்றுகொண்டே வந்தேன்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தால் நீங்கள் அக்காவையும் தெரியாதவர், ஆடி மாதத்து ஏற்காட்டையும் தெரியாதவர். ஜன்னலைத் திறந்தால் பனி உள்ளே வந்து உட்காருகிற காலம். முதல் ஞாயிறு பன்னிரண்டு படம் அடித்தோம். வந்த படங்கள் மங்கலாக இருந்தன. அதைவிட மோசம், மை காயவில்லை. சின்னப்பொண்ணுப் பாட்டியின் படத்தை எடுத்தேன், பாட்டியின் மூக்கு என் கட்டைவிரலுக்கு வந்துவிட்டது.

"ஈரக்காத்துனால இருக்கும்க்கா" என்றேன், வீடியோ அறிவில்.

அக்கா முகம் தெளிந்தது. "ஈரமா? அத எங்கிட்ட உடு."

எஸ்டேட்டில் காப்பிக்கொட்டை காய வைக்கிற சிமென்ட் களம் இருக்கிறது. அறுவடை இல்லாத மாதமாகையால் காலியாகக் கிடந்தது. மறுநாள் வெயில் எட்டிப் பார்த்த நேரத்தில் அக்கா பன்னிரண்டு படங்களையும் களத்தில் வரிசையாகப் பரப்பினார். காப்பிக்கொட்டையை அடிக்கடி கிளறிவிட்டால்தான் சமமாகக் காயும். அதேபோல் அரைமணிக்கொரு தடவை எல்லாப் படத்தையும் திருப்பிப் போடச் சொன்னார். மேகம் வந்தால் தார்ப்பாய், வெயில் வந்தால் மறுபடியும் பரப்பல். கொட்டை காய்ந்துவிட்டதா என்று பல்லில் கடித்துப் பார்ப்பது அவர்கள் தொழில் வழக்கம். அக்கா ஒரு படத்தை எடுத்து, மூலையைக் கடித்து, கண்ணை மூடி யோசித்தார்.

"இன்னும் பச்சை."

எனக்குக் கொடுத்த வேலை குரங்கு விரட்டுவது. கையில் தடியோடு உட்கார்ந்திருந்தேன். ஓட்டலில் முந்தின நாள் நைட் ஷிஃப்ட் வேறு. கண் சொருகிய அரை நிமிஷத்தில் ஒரு குரங்கு, எஸ்டேட்டில் ஆட்களை வேலை வாங்கும் மேஸ்திரியின் படத்தைத் தூக்கிக்கொண்டு சவுக்கு மரத்தில் ஏறிவிட்டது. உச்சியில் உட்கார்ந்து படத்தை நேராகப் பார்த்தது. தலைகீழாகப் பார்த்தது. பிறகு கீழே போட்டுவிட்டு, அடுத்த மரத்துக்குத் தாவி அப்படியே போய்விட்டது. கீழே நின்ற மேஸ்திரியின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"கொரங்குக்கே வேண்டாமாப் போச்சுங்களே" என்றார்.

மூன்று நாள் இந்தக் கூத்து. மூன்றாம் நாள் காளியப்பண்ணன் களத்துக்கு வந்தார். பக்கத்தில் வைத்திருந்த தாள் கட்டிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நாக்கில் தொட்டு, தாளை நடுவில் பிடித்து அமுக்கினார். விரலை எடுத்தார். தாள் ஒரு விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது, இன்னொரு விரலை விட்டுவிட்டது.

"அம்மிணி, இது ரெண்டு பக்கமும் வெள்ளையாத்தான் இருக்குது. ஆனா ஒரு பக்கந்தான் புடிக்குது. மறுபக்கம் வழவழன்னு உட்டுருது. மைய எந்தப் பக்கம் ஊத்துனீங்க?"

அக்கா கையிலிருந்த படத்தைத் திருப்பி, ஈர விரலால் தொட்டுப் பார்த்தார். நானும் தொட்டேன். பன்னிரண்டு பேரையும் தாளின் முதுகுப் பக்கத்தில் அடித்திருக்கிறோம். மை குடிக்காத பக்கத்தை மூன்று நாள் வெயிலில் காய வைத்து, முறை போட்டுத் திருப்பி, காவல் காத்து, கடித்தும் பார்த்திருக்கிறோம்.

நான் சிரித்துவிடக் கூடாதே என்று வானத்தைப் பார்த்தேன். அக்கா செக்ரோலைத் திறந்து, பேனாவை எடுத்தார்.

"இன்னிக்கி எனக்கு ஆப்சென்ட்டு" என்று தனக்கே போட்டுக்கொண்டார்.

பிறகு நேரே வீட்டுக்கு நடந்தார். பின்னாலேயே நாங்கள் இருவரும். தாளைச் சரியான பக்கம் திருப்பி வைத்து, முதல் படமாகக் காளியப்பண்ணனுடையதை அடித்தார். "ராமாயியக்காவ மொதமொதல்ல பாத்தப்ப என்னங்கண்ணா சொன்னீங்க?" என்று கேட்டு எடுத்த படம் அது. ராமாயி என்பது அவர் மனைவி. வெட்கமும் குறும்பும் சேர்ந்து, இரண்டு பல் இல்லாத வாயைத் திறந்து காளியப்பண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். நெற்றி நிறம், கன்னத்து நிறம், தலைப்பாகையின் கோடு, நாலு நாள் தாடி, எல்லாம் இருந்தது. அக்கா அதை ஜன்னல் வெளிச்சத்தில் அவர் கன்னத்தோடு பிடித்துப் பார்த்தார்.

"இந்தாங்கண்ணா. இதுதான் நீங்க."

காளியப்பண்ணன் படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "நான் இத்தன சந்தோசமாவா இருக்கறேன்?" என்று மெதுவாகக் கேட்டார்.

அதிலிருந்து ஞாயிறுதோறும் அக்கா வீட்டு முன்னால் நாலைந்து பேர் நிற்பார்கள். ஒவ்வொரு படமும் உரியவர் கன்னத்தில் பரீட்சை எழுதித் தேறிய பிறகுதான் கைக்குப் போகும். தேறாவிட்டால் கிழித்துவிட்டு அடுத்த ஞாயிறு மறுபடி. சின்னப்பொண்ணுப் பாட்டிக்கு மூன்று ஞாயிறு ஆனது. கடைசியில் படத்தைப் பார்த்துவிட்டு, "இது நாந்தான். அந்த டீச்சரம்மா நல்லா இருக்கட்டும்" என்று மடியில் கட்டிக்கொண்டு போனது. உயிரோடு இருக்கிறவர் படத்தை மாட்டினால் ஆகாது என்று முதலில் தயங்கியவர்கள்கூட ஒவ்வொருவராக ஆணி அடித்தார்கள். தாள் எடுத்துக் கொடுக்க அக்கா கூப்பிட்டால் நான் மட்டும் வாரம் ஒரு சாக்குச் சொல்லி நழுவிக்கொண்டிருந்தேன். ஞாயிறு என்றால் ஓட்டலில் கூட்டம், தலைவலி, துணி துவைக்க வேண்டும். புரட்டாசி பிறந்தபோது முப்பத்திரண்டு பேருக்குப் படம் கொடுத்தாகிவிட்டது.

புரட்டாசியில் ஒரு நாள், மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த காளியப்பண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஜீப் வருவதற்குள் முடிந்துவிட்டது.

கொட்டச்சேட்டில் அவர் வீடு. நானும் அக்காவும் போனபோது வாசலெல்லாம் ஆட்கள். உள்ளே யாரோ ஒரு உறவுக்காரர் அவசரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "ஏனுங்க, ஆதார் கார்டு எங்க வெச்சிருக்குது? பையன ஸ்டூடியோவுக்கு அனுப்போணும்."

மூலையில் உட்கார்ந்திருந்த ராமாயியம்மா தலையை நிமிர்த்தினார். "ஸ்டூடியோ வேண்டாங்க. அங்க இருக்கறாரு பாருங்க" என்று சுவரைக் காட்டினார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சுவரில் காளியப்பண்ணன் பல்லில்லாத வாயோடு சிரித்துக்கொண்டிருந்தார். அப்புறம் யாரோ, "இப்படித்தான் சிரிப்பாப்டி" என்றார்கள். இன்னொருவர் ஏதோ பழைய கதையைச் சொல்ல ஆரம்பித்தார். ராமாயியம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அழுகலாம்னு நிமுந்தா, இந்த மனுசன் சிரிக்க வெக்கறாருங்க. நாப்பது வருசமா இதே வேலைதானுங்க அவருக்கு."

சொல்லிக்கொண்டே அழுதார், சிரிக்கவும் செய்தார். அக்கா அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தூக்கிக்கொண்டு போகிறவரை எழுந்திருக்கவில்லை.

திரும்பி நடந்து வரும்போது அக்கா முன்னால் போய்க்கொண்டிருந்தார். வெள்ளக்கடை வந்ததும் நின்றார். முகம் அழுது வீங்கியிருந்தது.

"இன்னும் பதினோரு பேரு பாக்கி கண்ணு."

"ஞாயித்துக்கெழம அடிச்சரலாம்க்கா."

"ஞாயித்துக்கெழம வரைக்கும் எதுக்கு? நாளைக்குக் காத்தால ஆரம்பிக்கறேன். உனக்கு வேலை இருந்தா வேண்டாம் சாமி. நான் பாத்துக்கறேன்."

அவர் உள்ளே போன பிறகு ஓட்டலுக்குப் போன் போட்டு, நாளைக்கு வரமாட்டேன் என்று சொன்னேன். என்ன காரணம் என்று மேனேஜர் கேட்டார். வாய்க்கு ஒரு பொய்கூட வரவில்லை. பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பேப்பர் எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும் என்றேன்.

இப்போது நான் வேறு ஊரில், வேறு ஓட்டலில், அதே சிரிப்போடு ரூம் இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பதினோரு பேருக்கும் எட்டு நாளில் படம் கொடுத்தோம். நான் எஸ்டேட் ஆள் இல்லை, செக்ரோலில் என் பெயர் வர நியாயமே இல்லை. ஆனாலும் ஓட்டலுக்கு மட்டம் போட்ட அந்தக் காலையில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாக நீட்டிக்கொண்டிருந்தபோது, ஒருத்தரையும் விட்டுவிடாத அந்தப் பட்டியலின் கடைசியிலாவது எனக்கு ஓர் இடம் இருக்கக் கூடாதா என்று ஏங்கினேன்.